பட்டறைப் பதில்கள்: பிளேடைச் சாய்த்தால் வரும் வில்லங்கங்கள்

டேபிள் ரம்பத்தில், அதாவது மேசை நடுவே பிளேடு மேலே எட்டிப் பார்க்கும் ரம்பத்தில், நேர்வெட்டு பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நேர்வெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பிளேடைச் சாய்த்து, பலகையின் ஓரத்தை 45 டிகிரியிலோ 30 டிகிரியிலோ வெட்டுவதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். பிளேடு நிமிர்ந்து நிற்கும்வரை பல பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் இயந்திரம், பிளேடு சாய்ந்ததும் ஒன்றையும் பொறுப்பதில்லை. எனவே இந்த மாதப் பக்கம் முழுவதும் சாய்வெட்டுக்கே.

வாசகர், தஞ்சாவூர்: தேக்கில் ஒரு நகைப்பெட்டி செய்கிறேன். 12 மி.மீ. பலகை. நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் வெட்டினேன். மூன்று மூலைகள் கச்சிதமாகச் சேர்கின்றன. நான்காவது மூலை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்து நிற்கிறது. ரம்பத்தின் அளவுகோல் சரியாக 45 காட்டுகிறது. பசை இன்னும் போடவில்லை.

பசை போடாதது புத்திசாலித்தனம். பெட்டியைக் காப்பாற்றிவிடலாம்.

ரம்பத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் டிகிரிப் பட்டையை நம்பியதுதான் பிசகு. அது தோராயம் சொல்வதற்காக ஒட்டப்பட்டது. அதில் ஒரு கோட்டின் தடிமனும், முள்ளை நாம் பார்க்கும் பார்வைக் கோணமும் சேர்ந்தாலே அரை டிகிரி காணாமல் போய்விடும். நான்கு மூலைப் பெட்டிக்கு எட்டு சாய்வெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரை டிகிரி என்றால் எட்டுக்கும் சேர்த்து 4 டிகிரி. முதல் மூன்று மூலைகளை நீங்கள் விரலால் அழுத்தி மூடிவிட்டீர்கள். அந்த மூன்றின் பாக்கியையும் நான்காவது மூலை தலையில் சுமக்கிறது. 12 மி.மீ. பலகையில் 45 டிகிரி சாய்முகத்தின் அகலம் கிட்டத்தட்ட 17 மி.மீ. அந்த அகலத்தில் 4 டிகிரி பிளந்தால் இடைவெளி 1.2 மி.மீ. நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுதான்.

இடைவெளி பெட்டியின் வெளிப்பக்கம் தெரிகிறதா, உள்பக்கம் தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்தாலே பிளேடு எப்படி நின்றது என்று சொல்லிவிடலாம். வெளிநுனிகள் சேராமல் உள்பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால் பிளேடு 45 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. வெளிநுனிகள் சேர்ந்து உள்ளே இடைவெளி இருந்தால் 45ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் பழகிய தச்சர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். மயிரிழை கூடுதலாகச் சாய்த்து வெட்டினால் வெளியே கோடு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் இடைவெளியில் பசை போய் உட்காரும், யார் கண்ணிலும் படாது.

இனி பிளேடை நிறுத்தும் முறை. முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். ரம்பத்தின் வயிற்றுக்குள் 45 டிகிரியில் பிளேடு போய் முட்டி நிற்க ஒரு போல்ட் இருக்கும். அதன் தலையில் மரத்தூள் கெட்டிப்பட்டிருந்தால் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் பிளேடு 45ஐ எட்டாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, சாய்க்கும் சக்கரத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுபோய் நிறுத்துங்கள். அளவைத் தாண்டிவிட்டால் சிறிது பின்வாங்கிச் சரிசெய்யாமல், நன்றாகத் திரும்பி வந்து மறுபடி ஏறுங்கள். பல்சக்கரத்தின் தளர்வு அப்போதுதான் கணக்கில் வராது. காந்த அடியுள்ள டிஜிட்டல் கோணமானி கையில் இருந்தால் முதலில் மேசைமேல் வைத்துச் சுழியமாக்கி, பிறகு பிளேடின் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். பல்லின் மேல் பட்டால் அளவு பொய்யாகும்.

அதற்குப் பிறகும் கோணமானியின் பேச்சு கடைசிப் பேச்சு அல்ல. ஒரு கழிவுப் பட்டியை வெட்டுங்கள். இரண்டு துண்டில் ஒன்றைக் குப்புறத் திருப்பி, வெட்டு முகங்களைச் சேர்த்து மூலைமட்டத்தை வையுங்கள். பிளேடில் கால் டிகிரி பிசகு இருந்தால் இங்கே அரை டிகிரியாகத் தெரியும். அதுவும் திருப்தியாக இருந்தால் நான்கு சிறு துண்டுகளை வெட்டி ஒரு பொம்மைச் சட்டமாகக் கூட்டுங்கள். நான்காவது மூலை மூடினால்தான் தேக்கைத் தொட வேண்டும்.

கோணம் சரியாக இருந்தும் மூலை சேராமல் போக இரண்டு காரணங்கள் உண்டு. எதிரெதிர் பக்கங்கள் நீளத்தில் சமமாக இல்லாதது ஒன்று. பென்சில் கோடு போட்டு வெட்டுவதை விட்டுவிட்டு, மைட்டர் கேஜில், அதாவது மேசைக் காடியில் ஓடும் கோணத் தள்ளியில், ஒரு மரச்சட்டத்தைத் திருகி, அதில் முட்டுக்கட்டை வைத்து வெட்டுங்கள். சட்டத்தின் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் பலகை வழுக்காது. சாய்ந்த பிளேடு பலகையைப் பக்கவாட்டில் நகர்த்தப் பார்க்கும்.

இன்னொரு காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பிளேடு செங்குத்தாக இருக்கும்போது பலகை மேசையைவிட்டு ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் வெட்டின் அகலம் மாறாது. பிளேடு 45 டிகிரியில் இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் வெட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும். வளைந்த பலகை, மேசையில் கிடக்கும் ஒரு சிலாம்பு, கடைசி நொடியில் தளர்ந்த கை, எதுவாக இருந்தாலும் போதும். ஆகவே பலகையை முதலில் இழைத்து மட்டமாக்குங்கள். வெட்டும்போது முன்னே தள்ளும் விசையைவிடக் கீழே அழுத்தும் விசையில் கவனம் இருக்கட்டும்.

உங்கள் பெட்டிக்கு வருவோம். கோணத்தைத் திருத்திக்கொண்டு எட்டு முனைகளையும் மறுபடி மெல்லிசாகச் சீவுங்கள். பெட்டி சில மில்லிமீட்டர் சிறுத்துப்போகும், நகைக்கு இடம் இருக்கும். ஒட்டும்போது நான்கு பலகைகளையும் வெளிமுகம் மேலே தெரிய வரிசையாக, நுனியோடு நுனி தொட அடுக்கி மாஸ்க்கிங் டேப்பால் இணையுங்கள். மொத்தமாகக் குப்புறத் திருப்பி, பள்ளங்களில் பசை தடவி, சுருட்டி மூடுங்கள். மரத்தின் குறுக்குமுனை பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் ஒரு மெல்லிய பூச்சு தடவி, சில நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு. பசை காய்வதற்குள் மூலையில் மயிரிழைக் கீற்று தெரிந்தால் திருப்புளியின் தண்டால் இரண்டு பக்கமிருந்தும் நுனியை நீவிவிடுங்கள். இழைகள் மடிந்து மூடிக்கொள்ளும்.

வாசகர், ஈரோடு: 45 டிகிரியில் நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தபோது பலகை திடீரெனப் பின்னால் பாய்ந்து சுவரில் குழி விழுந்துவிட்டது. நான் ஓரமாக நின்றதால் தப்பித்தேன். நேர்வெட்டில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

உங்கள் பிளேடு ஃபென்ஸ் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீங்கள் சொல்லாவிட்டாலும் சுவர் சொல்கிறது.

ஃபென்ஸ் என்பது பலகையின் ஓரம் உரசிக்கொண்டு போகும் நீளச் சட்டம். பிளேடு அதன் பக்கம் சாய்ந்தால் பலகை பிளேடின் வயிற்றுக்கு அடியில், ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மேலே எழும்பவும் வழியில்லை, பக்கவாட்டில் நகரவும் வழியில்லை. சற்றே திரும்பினாலும் பின்பக்கப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பலகை அந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலே போதும்.

பிளேடு ஃபென்ஸைவிட்டு விலகிச் சாய வேண்டும். சாய்வெட்டில் இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியவில்லை. சில ரம்பங்கள் இடப்பக்கம் சாய்பவை, சில வலப்பக்கம். இடப்பக்கம் சாய்ந்தால் ஃபென்ஸ் வழக்கம்போல் வலப்பக்கமே இருக்கட்டும். வலப்பக்கம் சாய்வது என்றால் ஃபென்ஸைக் கழற்றிப் பிளேடின் இடப்பக்கம் மாட்டுங்கள். கைப்பழக்கம் மாறுவதால் முதலில் சங்கடமாக இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். இப்படி வைத்தால் நமக்கு வேண்டிய பலகை பிளேடின் மேல் சாய்ந்தபடி சுதந்திரமாகப் போகும். கழிவுத் துண்டு மறுபக்கம் தன்பாட்டில் விழும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. பலகையின் மேல்முகம் அகலமாகவும் அடிமுகம் குறுகலாகவும் வரும். ஆகவே நல்ல முகத்தை மேலே வைத்து வெட்டினால் அதுவே பெட்டியின் வெளிமுகம். அகலத்தையும் சுலபமாகக் கணக்கிடலாம். மேசை மட்டத்தில் ஃபென்ஸுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் அடிமுக அகலம். 45 டிகிரியில் அதோடு பலகையின் தடிமனைக் கூட்டினால் மேல்முகம். 18 மி.மீ. பலகையில் மேல்முகம் 300 வேண்டுமென்றால் ஃபென்ஸை 282இல் வையுங்கள்.

இரண்டு ஓரமும் சாய்வாக வேண்டும் என்றால் முதலில் வெட்டிய ஓரம் ஃபென்ஸில் உரசும். நல்ல முகம் மேலே இருக்கும்வரை கூர்நுனி ஃபென்ஸின் மேல்பகுதியில் தொடும், தொல்லையில்லை. மாற்றி வைத்தால் நுனி கீழே வந்து, ஃபென்ஸுக்கும் மேசைக்கும் இடையிலுள்ள சந்தில் நழுவிப் போகும். வெட்டு கோணலாகும்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தால் மறுபடி மாட்டுங்கள். அது பிளேடோடு சேர்ந்து சாயும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பட்டறைகளில் சுவர்க் குழிகளையும் பார்த்திருக்கிறேன்.

வாசகி, மதுரை: கையுறை அணிந்துகொண்டு வெட்டலாமா?

கூடாது. நூல் ஒன்று மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வளையல், துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எல்லாவற்றுக்கும் இதே பதில். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், பலகையைத் தள்ளத் தள்ளுகட்டை. இவை போதும்.

வாசகர், திருப்பூர்: நேர்வெட்டு கண்ணாடிபோல வருகிறது. 45 டிகிரியில் மட்டும் மரம் கருகுகிறது, பல்தடம் விழுகிறது. பிளேடைச் சாணை பிடித்தும் மாறவில்லை.

நல்ல கேள்வி. பிளேடின் மேல் பழி போடாமல் கேட்டிருந்தால் இன்னும் நல்ல கேள்வியாக இருந்திருக்கும்.

பிளேடு மேசைக் காடிக்கு இணையாக இருக்கிறதா என்று 90 டிகிரியில், அதாவது பிளேடு நிமிர்ந்து நிற்கும்போது, பார்த்திருப்பீர்கள். சரியாக இருந்திருக்கும். அதே சோதனையை 45 டிகிரியில் செய்யுங்கள். பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, மைட்டர் கேஜில் ஒரு குச்சியைக் கவ்வ வைத்து, முன்பக்கம் அந்தப் பல்லைத் தொடும்படி நிறுத்துங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், குச்சியையும் அங்கே தள்ளிப் பாருங்கள். முன்னால் தொட்டது பின்னால் தொடாவிட்டால், அல்லது அழுத்தித் தொட்டால், உங்கள் நோய் அதுதான்.

பிளேடும் மோட்டாரும் ஒரு வில்வடிவத் தாங்கியில் ஊஞ்சலாடிச் சாய்கின்றன. அந்த ஊஞ்சலின் அச்சு மேசைப்பரப்புக்கு இணையாக இல்லாமல் முன்பக்கமோ பின்பக்கமோ சிறிது தாழ்ந்திருந்தால், நேராக நிற்கும்போது தெரியாது. சாயச் சாயப் பிளேடு காடியைவிட்டுத் திரும்பிக்கொண்டே போகும். பிளேடின் பின்பாதி மரத்தை மறுபடி தேய்க்கும். கருகுவது அதனால்தான். மேசையைத் தாங்கியோடு பிணைக்கும் போல்ட்களைத் தளர்த்தி, முன்பக்கமோ பின்பக்கமோ மெல்லிய உலோகத் தகடு செருகி உயர்த்த வேண்டும். எந்தப் பக்கம் என்பதை ஒருமுறை செருகிப் பார்த்தே கண்டுகொள்ளுங்கள். நிலைமை மோசமானால் மறுபக்கம். குளிர்பானத் தகர டப்பாவை வெட்டி எடுத்த துண்டே இதற்குப் போதும், சுமார் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். முடிந்ததும் 90 டிகிரிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கலைந்திருக்கும்.

வாசகர், விருதுநகர்: பிளைவுட் பலகையில் ஓட்டை போட்டு, கைக்கட்டரைத் தலைகீழாகப் பொருத்தி டேபிள் ரம்பமாக வைத்திருக்கிறேன். நேர்வெட்டுக்கு நன்றாக உழைக்கிறது. இதிலேயே சாய்வெட்டு எடுக்க வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் பாதிப் பட்டறைகளில் இந்த ஏற்பாடுதான் இருக்கிறது. பணமில்லாதபோது மூளை வேலை செய்கிறது என்று மெச்சவும் செய்வேன். ஆனால் அந்தக் கட்டரின் சுவிட்சை டேப் சுற்றி அமுக்கி வைத்திருப்பீர்கள். ஆபத்தில் நிறுத்த வேண்டுமென்றால் குனிந்து பிளக்கைத் தேட வேண்டும். தானாக மூடும் உறையைத் திறந்தபடி கட்டியிருப்பீர்கள். பிரிப்புத் தகடு கிடையாது. இதோடு சாய்வும் சேர்ந்தால், அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சிறு இறக்கைத் திருகுதான். அதிர்வில் அது தளர்ந்தால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கோணம் மாறும். பிளேடு சாய வேண்டும் என்பதற்காக மேசை ஓட்டையைப் பெரிதாக்குவீர்கள். மெல்லிய துண்டு அதற்குள் விழுந்து சிக்கும். பளிங்கு அறுக்கும் சின்னக் கட்டரில் மரப் பிளேடு மாட்டியவர் என்றால் கடிதத்தைப் படிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் இயந்திரம்.

அதே கட்டரை நிமிர்த்திப் பிடியுங்கள். பலகையைக் கீழே அசையாமல் கவ்வி வையுங்கள். அதன்மேல் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை இரண்டு முனையிலும் கவ்வியால் இறுக்குங்கள். கட்டரின் அடித்தட்டை 45 டிகிரிக்குச் சாய்த்து, சட்டத்தை ஒட்டி ஓட்டுங்கள். பலகை அசையாது, இயந்திரம்தான் நகரும். சுவிட்சு உங்கள் விரலில் இருக்கும், உறை தன் வேலையைச் செய்யும். 8 அடி பிளைவுட்டில்கூட இப்படி அருமையான சாய்வெட்டு எடுக்கலாம். மிச்சம் மீதியை இழைப்புளி பார்த்துக்கொள்ளும்.

வாசகர், கும்பகோணம்: வீட்டுப் பூஜை அறைக்கு எண்கோணப் பீடம் செய்ய வேண்டும். எதிர்முகத்துக்கு எதிர்முகம் ஓரடி. பிளேடை எத்தனை டிகிரி சாய்ப்பது? ஒவ்வொரு பலகையும் எவ்வளவு அகலம்?

180ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். எட்டுக்கு 22.5 டிகிரி, ஆறுக்கு 30, பன்னிரண்டுக்கு 15. நான்குக்கு 45 வருவதும் இதே கணக்கில்தான். அகலத்துக்கு, எதிர்முகத் தூரத்தை எண்கோணமானால் 0.414ஆலும் அறுகோணமானால் 0.577ஆலும் பெருக்குங்கள். ஓரடி என்பது 305 மி.மீ., ஆகவே பலகையின் வெளிமுகம் 126 மி.மீ.

இங்கே பதினாறு வெட்டுகள். தஞ்சாவூர்க்காரருக்கு எட்டில் நடந்தது உங்களுக்குப் பதினாறில் நடக்கும். கால் டிகிரிப் பிசகுகூட 4 டிகிரியாகத் திரளும். அதனால் பழைய தந்திரம் ஒன்றைச் சொல்கிறேன். எட்டையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். நான்கு நான்காக இரண்டு அரைவட்டங்களாக ஒட்டுங்கள். காய்ந்ததும் இரண்டு பாதிகளையும் எதிரெதிரே வையுங்கள். பிசகு முழுவதும் அந்த இரண்டு சந்திலும்தான் நிற்கும். சமதரையில் உப்புத்தாள் ஒட்டி, ஒவ்வொரு பாதியையும் நிறுத்தித் தேய்த்து மட்டமாக்கிவிட்டு ஒட்டினால் யாருக்கும் தெரியாது. அந்த நான்கு விளிம்புகளிலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் மரம் விட்டு வெட்டியிருந்தால் இன்னும் நல்லது.

வாசகி, புதுச்சேரி: பக்கங்கள் வெளிநோக்கிச் சரிந்த பழத்தட்டு செய்ய ஆசை. பக்கச் சரிவு 15 டிகிரி. பிளேடு 45 வைத்தால் மூலை சேரவில்லையே!

சேராது. பக்கம் சரிந்ததும் மூலைக் கோணம் மாறிவிடுகிறது. நான்கு பக்கத் தட்டில், பக்கங்கள் செங்குத்திலிருந்து 15 டிகிரி சரிந்தால், பிளேடின் சாய்வு 43.1 டிகிரி. அதோடு மைட்டர் கேஜையும் நேர்நிலையிலிருந்து 14.5 டிகிரி திருப்ப வேண்டும். 30 டிகிரி சரிவுக்குப் பிளேடு 37.8, கேஜ் 26.6. சரிவு கூடக்கூடப் பிளேடு நிமிரும், கேஜ் திரும்பும். கணக்குப் பிடித்தவர்களுக்கு: சரிவின் சைன்தான் கேஜ் கோணத்தின் டேன். சரிவின் கொசைனை 0.7071ஆல் பெருக்கினால் பிளேடு சாய்வின் சைன்.

தசம டிகிரிகளை ரம்பத்தில் வைக்க முடியுமா என்று அடுத்த கடிதம் வரும். முடியாது. அருகில் வைத்து, கழிவு மரத்தில் ஒரு தட்டு செய்து பார்த்துத் திருத்துவதுதான் வழி.

வாசகர், நாகப்பட்டினம்: படச்சட்டங்களின் 45 டிகிரி மூலைகள் மழைக்காலத்தில் விரிகின்றன. ஆனால் அதே மரத்தில் செய்த பெட்டியின் மூலைகள் அப்படியே இருக்கின்றன. ஏன்?

மரம் நீளவாக்கில் அநேகமாக நகராது, அகலவாக்கில் நகரும். படச்சட்டத்தில் பட்டையின் அகலமே மூலையில் குறுக்காக வெட்டப்படுகிறது. கடற்கரை ஈரத்தில் பட்டை அகலப்பட்டால் 45 என்பது 45ஆக இருக்காது, வெளிமூலை திறக்கும். கோடையில் சுருங்கினால் உள்மூலை. பெட்டியில் சாய்வு பலகையின் தடிமனுக்குள் நிற்கிறது. 12 மி.மீ. தடிமன் எவ்வளவு ஊதப்போகிறது? அகலம் ஊதினாலும் நான்கு பக்கமும் சேர்ந்து உயரும், மூலைக்குச் சேதமில்லை. அகலமான படச்சட்டம் கேட்டு வருபவர்களிடம் பட்டையைக் குறுக்கச் சொல்லுங்கள், அல்லது நன்றாக உலர்ந்த பழைய தேக்கைத் தேடுங்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: மைக்கா ஒட்டிய பிளைவுட்டை 45 டிகிரியில் வெட்டினால் நுனி பல்பல்லாக உதிர்கிறது.

60 அல்லது 80 பல்லுள்ள பிளேடு, மேசை ஓட்டையை மூடி, பிளேடை ஒட்டி இடைவெளியே இல்லாமல் நிற்கும் மரச் செருகு, வெட்டுக்கோட்டில் டேப். இவற்றால் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, உங்கள் ஊரிலேயே இருக்கும் பேனல் ரம்பக் கடைக்குப் போங்கள். நகரும் மேசையோடு கூடிய அந்த ரம்பத்தை வில்ஹெல்ம் ஆல்ட்டன்டார்ஃப் என்ற ஜெர்மன் தச்சர் 1906இல் உருவாக்கினார். இன்றைய பேனல் ரம்பங்களில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு எதிர்த்திசையில் சுற்றி, அடிமுகத்தில் ஓரிரு மில்லிமீட்டர் கீறிவிட்டு வழிவிடும். உதிர்வது நிற்கும். அடிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு வெட்டித் தருவார்கள். எல்லாவற்றையும் நாமே வெட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை.

வாசகர், சென்னை: விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் உண்டாமே?

உண்டு. அமெரிக்காவின் ஸ்டீவ் காஸ் 1999இல் கண்டுபிடித்தது, ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் விற்கிறது. பிளேடில் சிறு மின்சமிக்ஞை ஓடும். தோல் பட்டதும் அது மாறும், அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து ஏறக்குறைய 5 மில்லிநொடியில் பிளேடை நிறுத்திவிடும். கட்டை போகும், பெரும்பாலும் பிளேடும் போகும், விரல் தங்கும். மிக ஈரமான மரத்தை உடம்பென்று நினைத்தும் நின்றுவிடலாம். ஆனால் ஈரோட்டுக்காரரின் பலகையை அது நிறுத்தாது. ஃபென்ஸ் எந்தப் பக்கம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வாசகர், காரைக்குடி: பழைய வீட்டுக் கதவில் நடுப்பலகையின் நான்கு ஓரமும் சரிவாக மெலிந்து சட்டத்தின் காடிக்குள் போகிறது. ஒரு பலகை உளுத்துவிட்டது. அதேபோல் டேபிள் ரம்பத்தில் எடுக்க முடியுமா?

முடியும். பலகையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வெட்ட வேண்டும். ஃபென்ஸில் ஒன்றரை அடி உயரப் பலகையைத் திருகுங்கள். கதவுப்பலகையின் பின்முகம் அதை ஒட்டி நிற்கட்டும். பிளேடு ஃபென்ஸைவிட்டு விலகி 10 முதல் 15 டிகிரி சாயட்டும். பழைய பலகையின் சரிவை அதன்மேலேயே அளந்துகொள்ளுங்கள். ஓரத்தில் காடியின் அகலத்துக்கு, அநேகமாக 6 மி.மீ., மரம் மிஞ்ச வேண்டும். அந்த மெல்லிய ஓரம் மேசை ஓட்டையில் இறங்கிவிடாதபடி இடைவெளியில்லாச் செருகு கட்டாயம். பிளேடை உயர்த்துவதற்கு முன், சரிவு தொடங்கும் இடத்தில் பலகையைப் படுக்க வைத்து, பிளேடை நிமிர்த்தி, நான்கு பக்கமும் ஆழமில்லாமல் ஒரு கோடு அறுத்துக்கொள்ளுங்கள். சரிவு சுத்தமான விளிம்போடு வந்து முடியும். குறுக்குமுனைகளை முதலில் வெட்டுங்கள். அங்கே பெயரும் சிலாம்புகளை அடுத்த நீளவெட்டு எடுத்துவிடும்.

பொருத்தும்போது காடியில் பசை போடாதீர்கள். பர்மாத் தேக்கில் அந்தக் கதவைச் செய்தவரும் போட்டிருக்க மாட்டார். பலகை காடிக்குள் ஊதிச் சுருங்க இடம் இருந்ததால்தான் வெடிக்காமல் இத்தனை காலம் நின்றிருக்கிறது.

வாசகி, சேலம்: புத்தக அலமாரியைச் சுவரில் ஆணி தெரியாமல் தொங்கவிட வேண்டும். 45 டிகிரிப் பட்டைகள் இரண்டு போதும் என்கிறார்கள். என் ரம்பம் 43 டிகிரிக்கு மேல் சாயவே மாட்டேன் என்கிறது.

இவ்வளவு நேரம் கால் டிகிரிக்கு அழுதவன் இப்போது சொல்கிறேன்: 43 தாராளமாகப் போதும். 18 மி.மீ. பிளைவுட்டில் 150 மி.மீ. அகலப் பட்டையை நடுவில் நீளவாக்கில் சாய்த்துக் கிழியுங்கள். இரண்டு பாதிகளும் ஒரே வெட்டின் இரண்டு முகங்கள், கோணம் எதுவானாலும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு பாதியை, சாய்முகம் மேலே, கூர்நுனி சுவரைவிட்டு விலகி வெளிப்பக்கம் இருக்கும்படி சுவரில் திருகுங்கள். மற்றதைத் தலைகீழாக அலமாரியின் முதுகில் திருகுங்கள். தூக்கி மாட்டினால் அலமாரியின் எடையே அதைச் சுவரோடு இழுத்து இறுக்கும்.

திருகு வெறும் சுண்ணாம்புப் பூச்சில் நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது போகட்டும், சுவர்த் துளையில் செருகும் பிளக்கோடு. அலமாரியின் அடியிலும் அதே 18 மி.மீ. துண்டு ஒன்றை முதுகில் அறையுங்கள், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் சுவரில் சாய்ந்து அலமாரி குனியும். புத்தகங்களை அடுக்குவதற்கு முன் ஒருமுறை முழு எடையோடு கையால் கீழே இழுத்துப் பாருங்கள்.